எட்டாம் நம்பர் டப்பா

தையல் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் போன வாரம் பார்த்தோம். துணியும் இல்லை, அளவுச் சீட்டும் இல்லை. கேட்டதற்கு, "கடை பூட்டியிருந்தது" என்றாள். பூட்டிய கடை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கிற ஆள் இல்லை அம்மா. பூட்டியிருந்தால் கடைக்காரனைப் போனில் கூப்பிட்டுத் திறக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

வீட்டின் சின்னவள் பொடிசு அதை மேற்கொண்டு துருவவில்லை. அப்படியே ஒரு வாரம் போய்விட்டது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு மூன்றாவது கேமரா டெஸ்ட்.

அக்கா ஒரு டி.வி. நிலையத்தில் ஒன்பது வருஷமாகச் செய்தி எழுதுகிறாள். அவள் எழுதுவதை வேறு யாராவது வாசிப்பார்கள். அவர்கள் தடுக்கி விழுகிற வார்த்தையை எல்லாம் அக்கா தன் மேஜையில் உட்கார்ந்தபடி வாய்க்குள் சரியாகச் சொல்லிக்கொள்வாள். அவள் குரலைக் கேட்டவர்கள், "நீங்களே வாசிக்கலாமே" என்பார்கள். வாசிக்கலாம்தான். இரண்டு முறை டெஸ்டுக்குப் போனாள். முதல் முறை, "முகத்தில் களை இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, "திரைக்குப் பொருந்தவில்லை." அந்த நிலையத்தில் ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் போய்விட்டால் ஓய்வு பெறுகிற வரைக்கும் மேஜையும் வாயசைப்பும்தான்.

ஏழு மணிச் செய்தி வாசிக்கிறவர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால் நாற்காலி காலி. காலை பதினொரு மணி டெஸ்டில் தேறினால், அன்று சாயங்காலமே அதில் அக்கா.

தங்கைக்கு வயது இருபத்தாறு. வாசலில் குனிந்து நுழைகிற உயரம். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் இன்னும் பொடிசுதான். ஒப்பனை படித்துவிட்டு, நான்கு மாதமாக அதே நிலையத்தின் மேக்கப் அறையில் உதவியாளர். உதவி என்றால் பிரஷ் கழுவுவது, ஸ்பாஞ்ச் காய வைப்பது, மாஸ்டருக்கு டீ வாங்குவது. அக்காவின் முகத்தை அவள் கையில் யாரும் கொடுக்கப் போவதில்லை.

காலை ஏழு மணிக்குக் கூடத்துச் சுவர் முன்னால் பல் குச்சியும் கையுமாக நின்றிருந்தாள் பொடிசு. சுவரில் நான்கு குடும்பப் போட்டோக்கள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அங்கேயே தொங்குகிறவை. தினமும் பார்க்கிற பொருளைத்தான் நாம் பார்ப்பதே இல்லை.

"அக்கா, கொஞ்சம் இங்க வா. இந்தப் போட்டோவுல உன் கழுத்தைப் பாரு."

"கழுத்துக்கு என்ன?" அக்கா தலை துவட்டிக்கொண்டே வந்தாள்.

"கழுத்து நல்லாத்தான் இருக்கு. முகம் மட்டும் வேற யார்கிட்டயோ இரவல் வாங்கின மாதிரி இருக்கு. இதுல பாரு. இதுலயும். நாலு போட்டோவுலயும் நீ சாம்பல் கலர்ல இருக்கே."

"எனக்குப் போட்டோ முகம் இல்லடி. சில பேருக்கு அப்படித்தான் அமையும்."

இதை அவள் வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்வது போலச் சொன்னாள். பொடிசுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"உன் ஐ.டி. கார்டை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடேன்."

கைப்பையிலிருந்து கார்டு வந்தது. அதில் இருந்த முகம் சுவரில் இருந்த முகம் இல்லை. கருகருவென்று பளபளப்பாக, கண்ணும் மூக்கும் எடுப்பாக, யாரையோ கேள்வி கேட்கப் போகிற மாதிரி ஒரு முகம்.

"இது மட்டும் எப்படிக்கா நல்லா வந்துச்சு?"

அக்கா யோசித்தாள். "அன்னைக்குச் சரியான மழை. தொப்பலா நனைஞ்சுட்டுப் போய் நின்னேன். முகத்தைத் துடைச்சுட்டு உட்காருங்கன்னான் போட்டோக்காரன்."

"பவுடர் எல்லாம் மழையில போயிடுச்சு. அதான் நீ வந்திருக்கே!"

அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். அம்மா எப்போதும் போல முழு அலங்காரத்தில் இருந்தாள். வீட்டில் எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு முகத்தை முடித்துவிட்டுத்தான் அவள் வெளியே வருவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

"காலங்காத்தால என்னடி பஞ்சாயத்து?"

"அம்மா, அக்காவுக்கு நீ வாங்கித் தர்ற காம்பேக்ட் பவுடர் அவ நிறத்துக்கு ரெண்டு படி மேல."

"தெரிஞ்சுதான் வாங்கறேன். நம்ம நிறத்துக்கு ரெண்டு படி கூட்டிப் போட்டாத்தான் பார்க்கிறவங்களுக்குச் சரியாப் படும். பதினஞ்சு வயசுலேர்ந்து அவளுக்கு அப்படித்தான் போட்டுவிடறேன். நேத்து மழையில முளைச்சது எனக்குச் சொல்லித் தருதாக்கும்!"

"சரியாப் படலம்மா. சாம்பலாப் படுது. நிறம் கூடறதுக்குப் பூசறது இல்ல அது. முகம் முழுக்க ஒரே சீராத் தெரியறதுக்குப் பூசறது."

"ரொம்பப் பேசாதே. பொம்பளைப் பிள்ளை வெளிய போறப்போ முகம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்க வேணாமா?" அம்மா புது காம்பேக்ட் ஒன்றை அக்காவின் கையில் திணித்தாள். "டெஸ்டுக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை. மறந்துடாதே."

அக்கா தங்கையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு காம்பேக்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். முப்பத்துநாலு வயதாகியும் அம்மா கொடுத்ததை மறுக்கத் தெரியாத பிள்ளை அவள். பொடிசு பல் குச்சியைக் கடித்துத் துப்பினாள்.

மேக்கப் அறையில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளைக் கோட்டு போட்டு அந்த அறையை ஆள்கிறார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது தலைவலி என்றால் நெற்றியை அவரே பிடித்துவிடுவார். ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொண்டதில்லை.

கம்பெனியிலிருந்து வருகிற பெட்டியில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்ட, முகத்தில் முதல் பூச்சாகப் பூசுகிற ஃபவுண்டேஷன் டப்பாக்கள் இருக்கும். வெளுப்பு ஒன்றாம் நம்பர், அடர்த்தியான கறுப்பு பத்தாம் நம்பர். மாஸ்டருக்கு மூன்றாம் நம்பரே போதும். மந்திரி வந்தாலும் மூன்று, மருத்துவர் வந்தாலும் மூன்று. எந்த முகமாக இருந்தாலும் முதலில் தன் புறங்கையில்தான் தேய்த்துப் பார்ப்பார். அவருடைய புறங்கை நல்ல கோதுமை நிறம். அதில் மூன்றாம் நம்பர் அம்சமாகத்தான் இருக்கும். பூசப் போவது அடுத்தவர் முகத்தில் என்பது இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூட உறைத்ததில்லை.

மற்ற டப்பாக்களில் பாதி, சீல் உடைக்காமலே அலமாரி அடித்தட்டில் கிடந்தன. எட்டாம் நம்பர் மட்டும் பாதி காலி. அதன் மூடியில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டி மாஸ்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'திருடன்'.

வாரா வாரம் நிலையத்தில் குற்ற நிகழ்ச்சி ஒன்று எடுப்பார்கள். நடந்த திருட்டை நடித்துக் காட்டுவார்கள். திருடனாக நடிக்கிறவருக்கு எட்டாம் நம்பர். நிஜத் திருடன் எந்த நிறத்தில் இருந்தாலும் சரி, டி.வி.த் திருடன் எட்டாம் நம்பரில்தான் இருப்பான்.

அன்றைக்கும் இரண்டாவது நாற்காலியில் அந்த நடிகர் உட்கார்ந்திருந்தார். இயல்பில் எலுமிச்சை நிறம். இடது பக்கம் மட்டும் பூசி முடித்திருந்ததால் பாதித் திருடனாக இருந்தார். முதல் நாற்காலியில் அக்கா.

"மாஸ்டர்," பொடிசு தொண்டையைச் செருமினாள். "அக்காவுக்கு மட்டும் எட்டைப் போட்டுப் பார்க்கலாமா?"

மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவங்க செய்தி வாசிக்க வந்திருக்காங்களா, சங்கிலி அறுக்க வந்திருக்காங்களா?"

பாதித் திருடன் சிரிக்க வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கேமரா ரெண்டு மடங்கு கறுப்பாக் காட்டும். அதனால நாம ரெண்டு மடங்கு வெளுப்பாப் பூசணும். அதுவும் கனமாப் பூசணும், அப்பத்தான் விளக்குச் சூட்டுல நிக்கும். இது தெரியாம உன்னை எவன் பாஸ் போட்டான்?"

"கனமாப் பூசினாத்தான் மாஸ்டர் சீக்கிரம் திட்டுத் திட்டாக் கிளம்பும்..."

"டீ சொல்லி எவ்வளவு நேரமாச்சு?"

பொடிசு டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அக்காவின் முகம் முடிந்திருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி, மேடு பள்ளம் எல்லாம் மூடி, ஒரே தட்டாக.

ஸ்டூடியோவில் விளக்குகள் எரிந்தன. அக்கா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முடிவு சொல்ல வேண்டிய செய்திப் பிரிவுத் தலைவி, எல்லாருக்கும் 'மேடம்', மானிட்டருக்கு முன்னால் கோப்பும் பேனாவுமாக இருந்தார். பொடிசு பவுடர் ஒற்றுகிற பஃப்பை வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

மானிட்டரில் சுவர்ப் போட்டோ வந்து உட்கார்ந்திருந்தது. அதே சாம்பல், அதே இரவல் முகம். அக்கா வாசிக்க ஆரம்பித்தாள். குரல் என்னவோ கணீரென்றுதான் வந்தது. ஆனால் அந்தக் குரலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மேடம் பெருமூச்சு விட்டார். "அதே பழைய கதைதான். லைட்டை ஒருதடவை மாத்திப் பாருங்க. பத்து நிமிஷம். அப்புறம் முடிச்சிடலாம்."

'முடிச்சிடலாம்' என்ற வார்த்தை பொடிசுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

லைட்காரர் ஏணியை இழுத்தார். யாரோ மானிட்டரைத் திருப்பி வைத்ததில், அக்காவுக்கு அவளே தெரிந்தாள். போன இரண்டு முறையும் அவளுக்கு அதைக் காட்டியதில்லை. அவள் தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். மெல்லக் கையைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். திரையில் கை ஒரு பெண்ணுடையதாகவும் முகம் இன்னொரு பெண்ணுடையதாகவும் இருந்தன.

"பொடிசு."

"என்னக்கா?"

"மழை பெஞ்ச அன்னைக்கு மாதிரி ஆகணும்டி எனக்கு."

சொல்லிவிட்டு எழுந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேராகக் கழிவறைக்குப் போய், கை கழுவுகிற சோப்பை எடுத்து முகத்தில் தேய்த்தாள். தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்து ஓடியது. மூன்று தடவை. கைப்பையைத் திறந்து அம்மா கொடுத்த காம்பேக்டைக் குப்பைக் கூடையில் போட்டாள். அம்மா கொடுத்ததை மறுக்கத் தெரியாத பிள்ளை என்று அரை நாளைக்கு முன்னால் சொன்னேன் அல்லவா, அதை இங்கே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

சொட்டச் சொட்ட மேக்கப் அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்து மாஸ்டர் பதறிப்போனார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க! முக்கால் மணி நேர வேலை!"

"மாஸ்டர், என் தங்கச்சி பூசிவிடட்டும். எட்டாம் நம்பரைக் குடுங்க."

"குடுக்க மாட்டேன். என் ரூம்லேர்ந்து திருடன் கலர்ல யாரும் செய்தி வாசிக்கப் போக மாட்டாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முகத்துல களை இல்லாததுக்கு என் டப்பா என்ன பண்ணும்?"

"என் முகத்துல களை இருக்கு. அதுமேல நீங்க மூணு தடவை வெள்ளையடிச்சீங்க."

அக்கா குரலை உயர்த்தவில்லை. செய்தி வாசிக்கிற குரலிலேயே சொன்னாள். அதனால் அது இன்னும் பலமாகக் கேட்டது.

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என் இஷ்டத்துக்கா பண்ணேன்? உங்கம்மாவே போன வாரம், இவ இல்லாத நேரமாப் பார்த்து இங்க வந்து, 'எம்பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக் காட்டுங்க, இதுதான் கடைசி சான்ஸ்'னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க. கேட்டுப் பாருங்க!"

பூட்டியிருந்த தையல் கடை எது என்று பொடிசுக்கு அப்போது புரிந்தது. அக்காவின் கண்ணில் தண்ணீர் திரண்டது. அழுதால் கண் வீங்கும், பத்து நிமிஷத்தில் ஏழு போய்விட்டது என்று பொடிசு பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள்.

அப்போதுதான் இரண்டாவது நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. அந்தக் கையில் எட்டாம் நம்பர் டப்பா.

"இந்தாம்மா," என்றார் பாதித் திருடன். "என் மடியிலதான் இருந்துச்சு. நான் எந்தக் கலர்ல திருடினாலும் திருட்டு திருட்டுதான். நீங்க எடுத்துக்கோங்க."

"யோவ்!" என்றார் மாஸ்டர்.

பொடிசு அதற்குள் அக்காவை ஜன்னலோரம் இழுத்துப் போயிருந்தாள். கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் வேண்டாம். வெயில்தான் பொய் சொல்லாது. புறங்கையில் தேய்க்கவில்லை. விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, அக்காவின் தாடையோரத்தில், முகமும் கழுத்தும் சேருகிற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு காணாமல் போனது.

"எங்கடி? போட்டியா?"

"போட்டாச்சு. எங்கன்னு எனக்கே தெரியலக்கா. அதான் உன் நம்பர்."

கண்ணுக்குக் கீழே கொஞ்சம், மூக்கோரத்தில் கொஞ்சம், ஈர ஸ்பாஞ்சால் மெலிதாக ஒற்றி எடுத்தாள். நெற்றிக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. மினுக்கு இருந்த இடத்தில் மட்டும் பவுடர். முடிந்தது.

"லிப்ஸ்டிக்?" என்று கேட்டாள் பொடிசு. மாஸ்டரின் சட்டப்படி கறுப்பாக இருக்கிறவர்களுக்குச் சிவப்பு ஆகாது, வெளிறிய ரோஸ்தான்.

"சிவப்பு," என்றாள் அக்கா. "நல்ல சிவப்பு."

பதினொன்றே முக்காலுக்கு விளக்குகள் மறுபடி எரிந்தன. பொடிசு மானிட்டரைப் பார்க்கப் பயந்து அக்காவின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முதல் வரியை வாசித்தாள். யாரோ, "அட" என்றார்கள். லைட்காரர் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். அப்புறம்தான் பொடிசு தலை நிமிர்ந்தாள்.

ஐ.டி. கார்டில் இருந்த பெண் திரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் புருவம் அசைந்தது தெரிந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. சோகச் செய்தி வந்தபோது முகம் தாழ்ந்ததும், விளையாட்டுச் செய்திக்கு நிமிர்ந்ததும் தெரிந்தன. இத்தனை வருஷமும் சுண்ணாம்புக்கு அடியில் இவ்வளவும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

மேடம் கோப்பைப் புரட்டினார். பழைய தாள்கள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். "'களை இல்லை'ன்னு நான்தான் எழுதியிருக்கேன்," என்றார். அவர் நல்ல மனுஷி. வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்பட்டார். "ஏழு மணிக்கு வந்துடுங்க."

பொடிசு துள்ளியதில் கையிலிருந்த பஃப் பறந்து கேமராமேன் தலையில் விழுந்தது.

வாசலில் மாஸ்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மேடம், என் ரூம்ல என் பேச்சை மீறி டப்பா திறந்திருக்கா. ஒண்ணு அவ, இல்ல நான்."

இருபத்திரண்டு வருஷ மாஸ்டர். நான்கு மாத உதவியாளர். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. நீ இப்ப வீட்டுக்குப் போம்மா."

"சாயங்காலம் அக்காவுக்கு யாரு மேடம்..."

"நானே போட்டுக்கறேன்," என்றாள் அக்கா. டப்பா அவள் கைப்பையில், காம்பேக்ட் இருந்த இடத்தில் இருந்தது.

பொடிசு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "தையல் கடை மாஸ்டர் நல்லா இருக்காராம்மா?"

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எம்பிள்ளைக்காக ஒருத்தரைக் கும்பிட்டேன். அதுல என்ன தப்பு?"

"உன் பிள்ளை நல்லா இல்லைன்னு ஊரான்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கே. அதுதான் தப்பு. அக்கா கண்ணுல தண்ணி வந்துச்சும்மா."

"உனக்கு என்னடி தெரியும்?" அம்மா வெடித்தாள். "இருபத்திரண்டு வயசுல ஆஸ்பத்திரில வேலைக்குச் சேர்ந்தேன். டைப்பிங்ல நான்தான் முதல். ஆனா என்னைக் கொண்டுபோய் ஜன்னல் இல்லாத ஃபைல் ரூம்ல போட்டாங்க. முன் மேஜைக்கு முகம் வேணுமாம். ரெண்டு வருஷம் அங்க இருந்தேன். அப்புறம் ஒரு பவுடர் டப்பா வாங்கினேன், ரெண்டு படி மேல. அடுத்த மாசம் முன் மேஜை கிடைச்சுது. முப்பத்தோரு வருஷம் அங்க உட்கார்ந்து உங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சேன். அந்த டப்பாவையா குத்தம் சொல்றே?"

பொடிசுக்குக் கோபம் போய்விடவில்லை, ஆனால் அது அம்மாவை விட்டு நகர்ந்து, பார்த்தே இராத அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் போய் நின்றது.

"முன் மேஜையில அதுக்கு முன்னாடி இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணமாகி வேலையை விட்டுட்டா."

"அப்ப ஆள் இல்லாமத்தாம்மா உன்னை உட்கார வெச்சாங்க. நீ பவுடர் போட்டதுக்காக இல்ல."

"இருக்கும்," என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் அப்பப்போ தோணும். ஆனா போடாமப் போய்ப் பார்க்க தைரியம் வரலையேடி."

ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன். "ஜன்னல்கிட்ட நின்னு நானே போட்டுக்கிட்டேன். திருடன் அண்ணன்தான் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டாரு. வெக்கறேன், கூப்பிடறாங்க."

டி.வி.யில் செய்தி இசை முடிந்தது. அக்கா வந்தாள்.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "கறுப்பாத் தெரியறாளேடி," என்றாள் முதலில். அடுத்த செய்திக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த செய்திக்கு எழுந்து டி.வி.க்குக் கிட்டே போய் நின்றாள். "கழுத்தும் முகமும் ஒண்ணா இருக்கு," என்றாள். பிறகு திரும்பிச் சுவரில் இருந்த நான்கு போட்டோக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவள் கையால் பூசிவிட்ட முகங்கள்.

"இத்தனை வருஷமா நானாடி அவளை அழிச்சு வெச்சிருந்தேன்?"

பொடிசுக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

செய்தி முடிந்த கையோடு அடுத்த வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "உங்க பெரியவளா அது! என்ன கம்பீரம்! அப்படியே உங்க ஜாடை!"

"என் ஜாடையா?" என்றாள் அம்மா.

"ஆமாங்க. அந்தக் கண்ணு, அந்த நெத்தி..." அடுத்த வீட்டுக்காரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொன்ன ஜாடை அந்தப் பவுடரில் தட்டுப்படவில்லை. "அதாவது... இருக்கணும்ல, அம்மா ஜாடைதானே இருக்கும்," என்று சமாளித்துவிட்டுப் போனாள்.

அம்மா டி.வி.யை அணைத்தாள். பிறகு குளியலறைக்குள் போனாள். இந்த முறை தாழ் போடவில்லை. குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

வெளியே வந்தபோது முகத்தில் பவுடர் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அம்மாவை அப்படிப் பார்த்த ஞாபகம் பொடிசுக்கு இல்லை. கரிய கன்னம் ஈரத்தில் மின்னியது. கண்ணுக்குக் கீழே சுருக்கங்கள். சற்றுமுன் டி.வி.யில் இருந்த அதே நெற்றி, இருபத்தைந்து வருஷம் மூத்து வந்து எதிரே நின்றது.

"நாளைக்கு ஒன்பது மணிக்கா உன்னைக் கூப்பிட்டிருக்காங்க?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா. என்னைத்தான் அனுப்புவாங்க. இருபத்திரண்டு வருஷத்து ஆளை யாரு விடுவா?"

"அதை அங்க போய்ப் பார்க்கலாம். நானும் வரேன்."

"நீ எதுக்கும்மா?"

அம்மா துண்டை எடுத்தாள். ஆனால் முகத்தைத் துடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எம்பொண்ணை வெளுப்பாக் காட்டுங்கன்னு அந்த ரூம்ல நின்னு கேட்டவ நான்தானே? அதைத் திருப்பி வாங்கவும் நான்தான் போகணும். இந்த முகத்தோடயே போறேன்."